தடுப்பூசி

தார் முடிகிற இடத்தில் நர்ஸ் நின்றுவிட்டாள்.
அதற்கப்பால் மூங்கில் பாலம்,
பாலத்துக்கடியில் கழிமுகத்துச் சேறு,
சேற்றில் கால் ஊன்றிய குடிசைகளில் நாங்கள்.
குவாயாகில் நகர வரைபடத்தில்
எங்கள் இடம் வெளிர்நீலம்.
தண்ணீர் என்று போட்டிருந்தார்கள்.
தண்ணீருக்கு யார் ஊசி போடுவார்கள்?

அட்டை மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது.
மஞ்சள் அட்டை. பெயர்: மரிலூஸ்.
கட்டம் கட்டமாய்
காசநோய், இளம்பிள்ளைவாதம், கக்குவான், தட்டம்மை.
"வியாழக்கிழமை வருவோம்" என்றார்கள்.
எந்த வியாழன் என்று நான் கேட்கவில்லை.

தட்டம்மை கிழமை பார்க்கவில்லை.
என் மரிலூஸ் போனாள்.
அடுத்த வீட்டு யாண்ட்ரி பிழைத்தான்,
இடது கண்ணைக் கொடுத்துவிட்டு.
அவன் அம்மா ஆலையில் இறால் தலை கிள்ளப் போகும் நாட்களில்
அவனுக்கு என் பால்தான்.
போனவளின் பங்கு வீணாகவில்லை.

"எப்போது தொடங்கியது?" என்று கேட்கிறார்கள்
வெளியூர்க்காரர்கள்,
அதற்கொரு தேதி இருப்பதுபோல.
நகரத்தில் குழாயைத் திறந்தால் கொட்டுவதற்கு
நாங்கள் லாரிக்காரனிடம் பத்து மடங்கு கொடுத்தோம்.
மனு எழுதினோம். மனுவுக்கு எண் கொடுத்தார்கள்.
எண்ணைக் குடிக்க முடியாது.
பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது, வாத்தியார் வரவில்லை.
அலையாத்தி மரங்களை வெட்டி
யாரோ இறால் குளம் தோண்டினார்கள்;
நண்டு பிடித்த கை சும்மா ஆனது.
சும்மா இருக்கும் கையைத்
துறைமுகம் தூரத்திலிருந்தே பார்த்துவிடும்.

முதலில் அவர்கள் எதையும் எடுக்கவில்லை.
இதை மட்டும் யாரும் எழுதிக்கொள்வதில்லை.
திருடுபோன என் கேஸ் சிலிண்டர்
மறுநாள் காலை வாசலில் நின்றது.
தெருவுக்கு விளக்கு போட்டார்கள்.
கொக்கி போட்ட மின்சாரம்தான்,
வெளிச்சம் நல்ல வெளிச்சம்.
எலேயுதேரியோவின் சவப்பெட்டிக்குக் காசு தந்தார்கள்.
லாரிக்காரனைக் கூப்பிட்டுப் பேசினார்கள்,
பீப்பாய் பாதி விலையானது.
நானே சொன்னேன், இந்த வாயால்:
"கடைசியில் ஒரு அரசாங்கம் வந்துவிட்டது."

பிறகு லாரி அவர்களுடையது.
பிறகு லாரிக்காரனைக் காணவில்லை.
பீப்பாய் விலையை நான் சொல்ல மாட்டேன்.

ஒரு வியாழக்கிழமை, ஆமாம், வியாழன்தான்,
என் மீன்சூப் கடைக் கதவைத் தட்டினார்கள்.
"தடுப்பூசி" என்றான் ஒரு பையன்.
கப்பத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.
வாரம் இருபது டாலர்.
போட்டுக்கொண்டால் உடம்புக்கு ஒன்றும் வராது.
தொப்பிக்குக் கீழே ஒரு கண் என்னைப் பார்த்தது,
மற்றது எங்கேயும் பார்க்கவில்லை.
"உங்களுக்குப் பதினேழு போதும்" என்றான்.
மூன்று டாலர் தள்ளுபடி.
எதற்கென்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

போன மாதம் அரசு வந்தது.
கவச வண்டியின் கனத்துக்கு மூங்கில் தாங்காது என்று
கல் கொட்டித் தார் போட்டார்கள்.
இருபத்தைந்து வருடமாய்க் கேட்ட சாலை
நாலு நாளில் முடிந்தது.
சூடு ஆறாத தாரில் யாண்ட்ரி கிடந்தான்,
தொப்பி தனியே.
பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள எண் இல்லை.
"யார் இவன்?" என்றார் அதிகாரி.
வாய் திறந்தேன். பால் என்று எப்படிச் சொல்வது?
"கப்பம் கட்டிய கணக்கு வைத்திருக்கிறாயா?"

மஞ்சள் அட்டையை நீட்டினேன்.
மரிலூஸின் கட்டங்களுக்குள்ளே,
ஓரத்தில், பின்பக்கத்தில், கோட்டுக்கு வெளியே
என் கையெழுத்தில்
பதினேழு, பதினேழு, பதினேழு.

அவர் விரலால் தடவிக்கொண்டே வந்து
ஓரிடத்தில் நிறுத்தினார்.
"இந்த ஒரு கட்டம் காலியாயிருக்கிறதே,
அந்த வாரம் கட்டவில்லையா?"