நாலுக்கும் ஏழுக்கும்

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் அனுப்பிய பெட்டிக்குள்
மூன்று ஷாம்பூ, ஒரு சொக்லேட் பக்கெட்,
காலுறைக்குள் சுற்றிய பச்சை இரும்பொன்று.
காலுறை ஒரு சோடி.
எனக்கு ஒன்று காணும் என்பது
அவளுக்கு மறந்துபோயிருக்கும்.

பச்சை இரும்பு டிஸ்டோர்ஷன் பெடல்.
மூன்று குமிழ், ஒரு பொத்தான், ஒரு சிவப்பு வெளிச்சம்.
மிதித்தால் கரகரக்கும். திரும்ப மிதித்தால் தெளியும்.
சத்தம் கூட்டவே தேவையில்லை.
பக்கத்து வீட்டுக் குழந்தை நித்திரையாய்க் கிடக்க
ஒரு மலையை உருட்டலாம்.

மாங்குளத்தில், ஜெனோசனின் கராஜில்,
இரண்டு லாண்ட்மாஸ்டருக்கு நடுவே நிற்கிறது எங்கள் அம்ப்.
வவுனியாவில் கலைந்துபோன குழுவொன்றிடம்
தவணைக்கு வாங்கியது.
உள்ளே வால்வு நாலு. சூடேற ஐந்து நிமிடம்.
முன்துணியை எலி தின்ற இடத்தில்
உரப்பையை வெட்டித் தைத்திருக்கிறேன்,
யூரியா என்பதில் பாதி வாசிக்கலாம்.

அதில் கரகரப்புக்கென்று பொத்தான் கிடையாது.
ஏழுக்கு மேல் திருப்பினால்
தாங்கமாட்டாமல் அதுவாகவே உடையும்.
மெல்லத் தட்டினால் தண்ணீர்,
அழுத்தித் தட்டினால் கண்ணாடித் துண்டு,
கித்தார்க் குமிழைச் சுண்டுவிரலால் குறைத்தால்
அதே மூச்சில் திரும்பத் தண்ணீர்.
எல்லாம் கையில்.

ஆனால் ஏழென்றால் கூரைத் தகரம் அதிரும்,
ஸ்பனர்கள் ஆணியில் ஆடும்.
முதல்நாள் ஏழில் வைத்துத் தடித்த கம்பியை இழுத்தபோது
எதிர் பேக்கரிக் கனகேந்திரம்
பாண் தட்டோடு மேசைக்குக் கீழே போய்விட்டார்.
பிறகு எழும்பி, முழங்காலில் மாவைத் தட்டிக்கொண்டு,
"காசொண்டு விழுந்திட்டுது பிள்ளை" என்றார்.
நான் நாலுக்குக் குறைத்தேன்.
நாலில் அந்த அம்ப் வெறும் றேடியோ.

அப்ப பெடல்தான் என்றான் ஜெனோசன்.
"பெடல்தான் அக்கா, எவ்வளவு வடிவாய்க் கிடக்கு"
என்றான் ட்ரம்முக்குப் பின்னாலிருந்து சுடர்நிலவன்.
புதிதென்றால் அவனுக்குப் போதும்.

எனக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே, பிளாஸ்ரிக்.
அதால் மிதித்தால் பொத்தான் எங்கேயென்று தெரியாது.
ஒருநாள் சப்பாத்து குமிழையும் சேர்த்து நசுக்கியது.
வலதால் மிதித்தால்
அந்த அரைக் கணம்
இடதின்மேல் மட்டும் நிற்கவேண்டும்,
தோளில் நாலு கிலோ மரத்தோடு.
அந்த அரைக் கணம்தான்
பாட்டுத் தாவுகிற இடம்.

பெடல் செய்தவன் ஆளுக்கு இரண்டு கால் என்று நினைத்திருக்கிறான்.
அம்ப் செய்தவனுக்கு
எதிரே பேக்கரி இருந்திருக்காது.

சனிக்கிழமை துணுக்காயில் கலியாணம்.
வியாழன் இரவு கணக்குப் பார்த்தேன்.
பெடலைக் கதிரையில் வைத்துக் கையால் அமத்தலாம்,
கை இரண்டும் கித்தாரில்.
சுடர்நிலவனை மிதிக்கச் சொன்னால்
சந்தோசத்தில் நாலுதரம் மிதிப்பான்.
இருந்து வாசிக்கலாம்.
இருந்து வாசிக்கமாட்டேன்.

வெள்ளி பின்னேரம் குனிந்து,
கையால் பெடலை ஒருதரம் அமத்தினேன்.
கரகரப்புக் குமிழ் கால்வாசி. சத்தக் குமிழ் முழுக்க.
அது அம்பின் முதுகில் பிடித்துத் தள்ள
நாலிலேயே வால்வு உடையத் தொடங்கியது.
ஏழின் சதை இல்லை, பொய் சொல்லக்கூடாது,
அரைவாசி இருக்கும்.
அணைக்கவில்லை. சிவப்பு எரியட்டும்,
மிச்சத்தைச் சுண்டுவிரல் பார்க்கும்.
கனகேந்திரம் எட்டிப் பார்த்தார்,
மாலுபாணை எண்ணிக்கொண்டே.

மிஞ்சிய காலுறைக்குள் பெடலைப் போட்டுக்கொண்டு
துணுக்காய்க்குப் போனேன்.
எட்டு மணிக்கு மண்டபத்து ஏசி எல்லாம் போட
வோல்டேஜ் விழுந்தது,
அம்ப் என்னைக் கேளாமலே
இன்னும் கொஞ்சம் கரகரத்தது.
நான் நினைத்தே பாராத ஒரு கரகரப்பு,
ஈர மணலில் சைக்கிள் போவதுபோல.

பாட்டு முடிய மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார்,
கையில் றோல்ஸ்.
"ஸ்பீக்கர் பழுதோ பிள்ளை?"
ஓம் என்றேன்.