பரிந்துரைக் கடிதம், எண் இரண்டு

"நீங்களே ஒண்டு எழுதிக் கொண்டு வாங்கோ,
நான் பார்த்து அனுப்பிவிடுறன்" என்றார் பேராசிரியர்,
வார்ட் பிளேஸ் படிக்கட்டில்,
கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி.

அன்றிரவு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
நான் அறுபத்திரண்டு வயது ஆணாகி
என்னைப் பற்றி எழுதத் தொடங்கினேன்.

வைத்தியர் நிரோஜினியை ஆறு ஆண்டுகளாக அறிவேன்.
(இரண்டு தரம் பேசியிருப்பார். ஒரு தரம்
ஷாமினி என்று கூப்பிட்டார்.)
பொறுமைசாலி. அழித்தேன்.
மிகுந்த பொறுமைசாலி. அதையும் அழித்தேன்.
அவருடைய கை நடுங்கியதில்லை.
அந்த வரியில் கர்சர் நின்று துடித்தது.

விண்ணப்பத்தில் எனக்கென்று ஒரு பெட்டி:
வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்.
சரி போட்டேன்.
கடவுச்சீட்டு எடுத்ததே போன மாதம்.
பேராதனைக்கு அப்பால் நான் போன தூரம்
பதுளையில் ஒரு கலியாணம்.
எந்த வெளி, எந்த நாடு?
கீழே கொத்துக்கடையில் தகடு அதிர்ந்துகொண்டிருந்தது.

பதினொரு கல்லூரிகள் என்று தொடங்கினேன்.
டொலர் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.
பதினொன்று ஏழாயிற்று.
ஏழை ஐந்தாக்கினேன்.
மோட்டார் சைக்கிளை விற்கவா என்று கேட்டான் தம்பி,
விற்கிறவன் முகம் இல்லாமல்.

கை நடுங்கியதில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்.
கீழ்த்தாடை, இரண்டாம் கடைவாய்ப்பல்.
நிஹால், தெமட்டகொடையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர்.
வேர் வளையும் இடத்தில்
ஊசி முறிந்தது.
சத்தமே இல்லை, கைக்கு மட்டும் தெரிந்தது:
பிடி என் விரலில், நுனி அவர் வேருக்குள்,
நாலு மில்லிமீற்றர்.
சொல்லாமல் மூடிவிடலாம். மூடியவர்களைத் தெரியும்.
என் உடைந்த சிங்களத்தில் சொன்னேன்.
வாயில் பஞ்சோடு சிரித்தார்.
அவர் காலில் ஆறு ஆணி இருக்கிறதாம்,
மழைக்கு முதலே அவை சொல்லிவிடுமாம்,
இனிப் பல்லும் சொல்லட்டும் என்றார்.

கடிதத்தில் அது இல்லை.
பேராசிரியர் ஒரு காற்புள்ளியை மாற்றி அனுப்பினார்.

நேர்முகம் இரவு ஏழரைக்கு. அவர்களுக்குக் காலை.
மேலே கோட், கீழே தம்பியின் சாரம்.
தண்ணீர் மோட்டரைப் போடவேண்டாம் என்று
கீழ்வீட்டுக்குச் சொல்லியாயிற்று.
திரையில் மூன்று முகங்கள், மூன்று கோப்பிக் குவளைகள்.
நீங்கள் தோற்ற ஒரு தருணத்தைச் சொல்லுங்கள்.
பாடமாக்கிய பதில் ஒன்று தயாராக இருந்தது,
நேர முகாமைத்துவம் பற்றி; தோல்வியில் தொடங்கி
வெற்றியில் போய் இறங்கும்.
வாயைத் திறந்தேன், ஊசி வந்தது.
அந்த நேரம் பார்த்து அளுத்கம ரயில்
கடலோரமாய் வர, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர,
ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை.
"மன்னிக்கவும், மறுபடி சொல்வீர்களா?"

தப்பிக்க வழிவிட்டுத்தான் போனது ரயில்.
அதையே சொன்னேன்,
இந்த முறை மெதுவாக,
எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் சேர்த்து.
நடுவில் இருந்த பெண் எதையோ குறித்துக்கொண்டார்.
நல்லதா கெட்டதா, அந்தப் பேனைக்குத்தான் தெரியும்.
முடிவு டிசம்பரில் என்றார்கள்.

வியாழக்கிழமை நிஹால் வந்தார்,
இரண்டு தரம் தள்ளிப்போட்ட பரிசோதனைக்கு.
கண்ணாடிப் பிடியால் பல்லை மெல்லத் தட்டினேன்.
ரிதெனவாத?
இல்லை என்று தலையாட்டினார்.
எக்ஸ்ரேயில், வேரின் அடியில்,
வெள்ளை நூல்போல் கிடந்தது அது.
எலும்பு அதைச் சுற்றி ஆறியிருந்தது.
"மழை வருமா?" என்று கேட்டேன்.
பல்லுக்கு ஒன்றும் தெரியாதாம்.
பின்னேரம் வரும் என்று
கால் சொல்கிறதாம்.