புல்லாக்கு

ஜூரோங் கிளினிக்கில் வருடாந்திரப் பரிசோதனை.
டாக்டர் என் இடது நாசியில் விளக்கைப் பிடித்தார்.
வலது நாசி வழியே வெளிச்சம் வந்தது.

குரோம் தொட்டியில் எத்தனை நாள்?
நான்கு வருடம்.
ரத்தம்? காலையில் கொஞ்சம்.
வலி? இல்லை என்றேன்.
அதைத்தான் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்.

தட்டான் இல்லை, தங்கக் கம்பி இல்லை,
வெற்றிலை பாக்கு வைத்து யாரையும் அழைக்கவில்லை,
நடுத்தண்டில் துளை விழுந்திருக்கிறது.
"புல்லாக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுக்க"
லாரியில் சிரித்தான் அறிவுக்கரசு.
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
அவன் கைப்பேசியில் அன்றைய காற்று:
நாற்பத்தொன்று. பச்சை. நன்று.

துவாஸில், எங்கள் கூரைக்குக் கீழே,
மின்சாரம் பாய்ந்ததும் தொட்டி நுரைக்கும்.
கொதிப்பல்ல, குமிழ்.
ஒவ்வொரு குமிழும் உடையும்போது
ஊசிமுனை அளவு மஞ்சள் எம்பும்.
குளியலறைக் குழாய்க்கு வேண்டியது மினுக்கம்.
மிச்சம் எங்களுக்கு.
எங்களையும் தாண்டியது, பின்சுவர் விசிறி வழியே
பக்கத்துப் பட்டறை ஆ ஹுவாட்டின்
மோட்டார் சைக்கிளில் தேமலாய்ப் படரும்.
அவர் மழையைத் திட்டுவார்.

தொட்டியின் முகத்தை மூடி
வெள்ளைப் பந்துகள் மிதக்க வேண்டும்.
பாதி உடைந்துவிட்டன. புதியவை அடுத்த மாதம்.
மூன்று அடுத்த மாதங்கள் போயாயிற்று.

செவ்வாய்க்கிழமை நூர் ஐன் என்றொரு பெண் வந்து
என் இடுப்பில் பம்பைக் கட்டி
காலரில் ஒரு சிமிழை மாட்டினாள்.
"எட்டு மணி நேரம் உங்களோடு மூச்சு விடும். கழற்றாதீர்கள்."
அவள் அலுவலகத்துக்குள் போனதும்
சூப்பர்வைசர் என்னைப் பொட்டல அறைக்கு அனுப்பினார்.
இன்றைக்கு மட்டும்.
குளிர்சாதனம். நாற்காலி.
குழாய்களை உறைக்குள் நுழைத்தேன்.
ஒவ்வொன்றிலும் என் முகம்,
மூக்கு மட்டும் பெரிதாக.

பத்தரை மணித் தேநீருக்கு எழுந்தவன்
தொட்டியருகே போய் நின்றேன்.
கோபமில்லை.
துணிச்சல் என்றும் சொல்ல மாட்டேன்,
பர்மிட் புதுப்பிக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது.
இடுப்பில் அது உர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது,
யார் சம்பளத்தில் வளர்கிறோமென்று
தெரியாத பிள்ளைபோல.

மாலையில் சிமிழைக் கழற்றி
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை, பெயரைத் தவிர.
திருமேனிநாதன்.
எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி
ஒட்டுத்தாளில் எழுதினாள்.

நான்கு வருட மூச்சில்
ஒரு நாளுக்கு
ரசீது இருக்கிறது.