கோடிட்ட இடம்

ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்ஸ்,
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, அரைப் பக்கப் படம்: ரோசா பார்க்ஸ்.
லஸ் முனை மாடியறையில்
தணிகைவேல் சார் சொன்னது இவ்வளவுதான்:
"பஸ்ஸுல உக்காந்திருக்கிற வயசான அம்மா.
கால்வலி முகத்துல தெரியணும். மடியில ஒரு பை.
நாளைக்கே வேணும்."

அன்றைக்கு அவளுக்கு நாற்பத்திரண்டு, சார்.
என் வயது.
எனக்கும் நரை வரைவீர்களா?

தையல் வேலை பார்த்தாள், நிஜம்தான்.
ஊசியை மட்டுமா பிடித்தாள்?
சங்கத்தின் செயலாளர்.
சீரழிக்கப்பட்டவளின் வாக்குமூலத்தை
வேறு ஊருக்கே போய் எழுதி வாங்கியவள்.
பன்னிரண்டு வருடம் முன்பே ஒருமுறை
அவளை இறக்கிவிட்டவன்
அதே ஓட்டுநர்.
உலகம் பார்த்த ஜன்னலோரப் புகைப்படமோ
ஓராண்டு கழித்து, எல்லாம் முடிந்தபின் எடுத்தது;
பின்சீட்டில் இறுகிய முகத்தோடு இருப்பவர்
ஒரு நிருபர்.

படத்தின் கீழே பயிற்சி:
'அவர் மிகவும் ________ இருந்ததால் எழவில்லை.'
கடைசிப் பக்கத்தில் விடை: களைப்பாக.
ஒரு மதிப்பெண்.

இரவு வரைந்தேன்.
ஒரு நரை இல்லை.
கண்ணாடிக்குள் கண்கள் விழித்திருக்கின்றன.
மடியில் பைக்குப் பதில் ஒரு குறிப்பேடு
(இது என் கற்பனை, ஒப்புக்கொள்கிறேன்).
கால்களுக்குத்தான் நேரமாகிவிட்டது.
நான்கு முறை அழித்தேன்.
ஐந்தாவதில் தரையை அழுத்தின.

காலையில் 29சி.
கட்டணமில்லாச் சீட்டை
எறியாத குறையாகக் கொடுத்தார் கண்டக்டர்.
"ஓசிதானே, தள்ளி நில்லும்மா."
தள்ளி நின்றேன்.
சேத்துப்பட்டிலிருந்து பதில் யோசித்தேன்.
ஜெமினி பாலத்தின்மேல் கிடைத்தது,
அருமையான பதில்,
அதற்குள் அவர் முன்வாசலுக்குப் போயிருந்தார்.

களைப்பு என்றால் அது என்னுடையது.
அதை ஏன் அவள் தலையில் கட்டுகிறார்கள்?
களைத்தவளை மன்னித்துவிடலாம்,
ஒரு தலைவலி மாத்திரை போதும்.
முடிவெடுத்தவளை என்ன செய்வது?

தணிகைவேல் சார் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.
கிட்டப் பிடித்துப் பார்த்தார்.
"என்னம்மா இது, மீட்டிங்குக்குப் போற பொம்பள மாதிரி இருக்கு?"

ஆமாம் சார், என்றேன்.
அந்த இரண்டு சொல்லுக்கே
உள்ளங்கை வியர்த்தது.

டீ வந்தது. அவர் போன் பேசப் போனார்.
விடைப்பகுதியின் ப்ரூஃப்
என் மேசையில்தான் இருக்கிறது,
மூடி திறந்த சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில்.