இரண்டு புள்ளி ஐந்து

குன்னூர் கிடங்கில் காலை எட்டு மணிக்கு
ஜன்னலைத் திறந்தால்
பதிவேட்டில் முதல் கையெழுத்து பனியுடையது.
அப்புறம்தான் நான்.

திருவாரூர் லாரி
பர்லியாறு வளைவுகளை இரவெல்லாம் ஏறி வந்து
இன்னும் சூடு இறங்காமல் நிற்கிறது.
மூட்டையில் குத்தூசி செருகி
உள்ளங்கைக்கு இறக்குகிறேன்.
புழுங்கல். தேன் தோய்ந்த நிறம்.
கறுப்பு தீண்டியவை நான்கு,
எப்படியோ தப்பி வந்த ஒரு நெல்,
குருணை கொஞ்சம், பரவாயில்லை.

முழுசாகப் பத்து பொறுக்கி
கறுப்புத் துணியில் தலைக்கு வால் தொட வைக்கிறேன்.
மூச்சை அடக்கிக்கொண்டுதான்;
தும்மினால் மறுபடி ஒன்றிலிருந்து.
நீளம் ஐம்பத்தேழு புள்ளி மூன்று.
பிறகு விலாவோடு விலா ஒட்டிப் படுக்கவைத்து
அகலம் இருபத்து மூன்று.
வகுத்தால்
இரண்டு புள்ளி நாலு ஒன்பது.

இரண்டரை இருந்தால் சன்னம்.
இல்லாவிட்டால் மோட்டா.
நடுவில் ஒரு வார்த்தையைத் தமிழும் வைக்கவில்லை,
சர்க்காரும் வைக்கவில்லை.

"சன்னம்னுதான் மேடம் ஏத்துனாங்க"
என்கிறார் டிரைவர் குணாளன்,
கழுத்தில் சுற்றிய துண்டைப் பார்த்துக்கொண்டு.
ஏற்றிய இடத்தில் வெயில், குணாளன்.
இங்கே தீப்பெட்டியே இரண்டு உரசலுக்குத்தான் மசிகிறது.

அடுப்புப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தேன்.
ஈரம் பதினைந்திலிருந்து பதின்மூன்றரைக்கு வந்தது.
அதே பத்து. அதே துணி.
ஐம்பத்தேழு புள்ளி இரண்டு.
இருபத்திரண்டு புள்ளி எட்டு.
இரண்டு புள்ளி ஐந்து, ஒரு மயிரிழை கூட.

மலை ஏறியதில் இடுப்பு பெருத்து
சூட்டில் இளைத்திருக்கிறது,
என்னைப் போல இல்லாமல்
ஒரே மணி நேரத்தில்.

எட்டு நெல் சேர்ந்தால் ஒரு விரல்
என்று கணக்கு இருந்ததாம்.
அப்போது நெல் அளந்தது.
இன்று வெர்னியர் தாடையில் மாட்டி
நாம் சொல்வதற்குக் காத்துக்கிடக்கிறது.

பதிவேட்டில் ஒரே கட்டம்.
யோகராசா மூட்டைக்குத் தோள் கொடுத்தபடி
எந்த அடுக்கு என்று கண்ணால் கேட்கிறார்.
அவர் தோளுக்கு இரண்டும் ஐம்பது கிலோ;
பனி நாளில், அதற்கும் கொஞ்சம் மேலே.

கட்டத்தில் சன்னம் என்று எழுதினேன்.
ஓரத்தில், மடிப்பு விழும் இடத்தில்,
பென்சிலால் சின்னதாக:
"காலையில் 2.49. பனி."
மேலதிகாரி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.
அந்த ஓரம் வரைக்கும் இதுவரை யாரும் படித்ததில்லை.

பேனாவை மூடும்போதுதான் கண்டேன்,
ஆட்காட்டி விரல் நுனியில்
பதினோராவதாக ஒன்று,
காலை ஈரத்தில் ஒட்டியது
இன்னும் உதிராமல்.

எண்ணிக்கையில் இல்லை. துணியிலும் படுக்கவில்லை.
கடைவாயில் வைத்துக் கடித்தேன்.
டிக்.

வெளியே லாரியின் பின்கதவு இறங்கியது.
ஜன்னலை மூடினேனா என்று
திரும்பிப் பார்த்தேன்.
இல்லை.