தாளுக்கு இருபது

ராயக்கோட்டை மண்டியில் ஏலம் முடிந்த கையோடு
சண்டையும் சேர்ந்தே கடைக்குள் வந்தது.
திம்மராயன் சட்டையில் தக்காளிச் சாறு.
அக்கா மகன் நவநீதன் கையில் போன்:
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்,
தவணை இன்னும் பதினாறு பாக்கி.

பயிர்க் காப்பீட்டுப் பக்கம் திறக்கவில்லை.
வெள்ளைத் திரையில் ஒரு சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"இந்தக் காசுக்கு ரெண்டு கறவை மாடு."
"மாட்டுல போட்டோ எடுப்பியா மாமா?"
"நீ போன்ல பால் பீச்சு, பாக்கலாம்."

நான் பிரிண்டரில் தாள் அடுக்கினேன்.
வாயைத் திறந்தால்
எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவார்கள்.

நவநீதனுக்கு வேலையே அந்தக் கம்பெனியில்தான்,
ஓசூர் ரோட்டில்.
முதுகுத் தகட்டைப் பொருத்தி ஆறு திருகு.
ஷிஃப்டுக்கு எத்தனை என்று வெளியே சொல்லக் கூடாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறான்.
போனைக் குறை சொன்னால்
அவன் விரலைச் சொன்ன மாதிரி.

"போன் நல்ல போன். பிரவுசர்தான் கொஞ்சம்…"
"வண்டி நல்ல வண்டி, சக்கரம்தான் சுத்தலைங்கற."
"இல்ல மாமா. அது ஒண்ணுதான் சுத்துது."

சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"விலைய யாரு வெக்கறது?"
"கம்பெனிதான்."
"வாங்கறவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னயே?"
"ஆமா."
காலையில் இருபத்தைந்து கிலோ கூடையை
நூற்றுப் பத்துக்கு விட்டுவிட்டு வந்தவர்
கொஞ்ச நேரம் போனையே பார்த்தார்.
"கெட்டிக்காரன்" என்றார்.

அப்போது போன் சிணுங்கியது.
போன வாரம் சர்வீஸ் சென்டரில்
இதே கோளாறுக்கு எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தார்களே,
அதில் திருப்தியா? எத்தனை நட்சத்திரம்?
நவநீதன் விரல் ஐந்தில் போய் நின்றது.
"சரியாகவே இல்ல, அஞ்சு போடற?"
"குறைச்சா அந்தக் கவுன்டர் பொண்ணுக்குத்தான் பிடிப்பாங்க."
"அப்ப நாலு போடு."
"நாலே குறைச்சல்தான் மாமா அவளுக்கு."

என் கணினிக்குப் பதினோரு வயது.
என்னைப் புதுப்பி, புதுப்பி என்று
தினமும் காலில் விழும் அதன் பிரவுசர்.
நான் மசிந்ததில்லை.
தூங்கி எழுந்து முகம் கழுவி வருகிற நிதானத்தில்
பக்கம் திறந்தது.
சர்வே எண் கேட்டது, பரப்பு கேட்டது,
கடைசியில் ஓடிபி கேட்டது.
அது திம்மராயனின் பட்டன் போனுக்குப் போனது.
பட்டன் போன் மண்டியில், டெம்போ டேஷ்போர்டில்.

லட்ச ரூபாயை என் மேசையில் போட்டுவிட்டு
நவநீதன் ஓடினான்.
அவன் மூச்சு வாங்க வந்தபோது நேரம் கடந்திருந்தது.
இன்னொரு ஓடிபி. பிறகு ஒரு பிரிண்ட்,
இடது ஓரம் கொஞ்சம் மங்கல்.

"எவ்வளவும்மா?"
"இருபது."

"ஒரு தாளுக்கா?"
அன்று காலை முதல்முறையாக
இருவருக்கும் ஒரே குரல்.
பாலக்கோட்டில் பத்துதான் என்றான் ஒருவன்.
அதுவும் கலரில் என்றார் மற்றவர்.
பதினைந்தில் வந்து நின்றது.

"எல்லாம் கொள்ளை" என்று படியிறங்கிய திம்மராயன்
வெயிலில் நின்று திரும்பிக் கேட்டார்,
பட்டா ஒன்று எடுக்க வேண்டும்,
ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பேனா என்று.