மறு அறிவிப்பு வரும்வரை

பதினோரு வருடமாக ஒரே வாக்கியத்தைத்
தட்டச்சு செய்கிறேன்.
தேதியை மட்டும் மாற்றுவேன்.

இதனால் கிட்டிவேக் கோவ் வாசிகள் சகலருக்கும் அறிவிப்பது:
மறு அறிவிப்பு வரும்வரை
குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும்.
இப்படிக்கு, லொரெட்டா பின்,
நகர்மன்ற எழுத்தர்.

தபால் நிலையத்தில் ஒன்று,
நண்டு ஆலை வாசலில் ஒன்று,
தீயணைப்புக் கொட்டகையில்
பிங்கோ அறிவிப்புக்குக் கீழே ஒன்று.
பிங்கோவை எல்லோரும் படிக்கிறார்கள்.

ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பனி வாரும் வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று
பாதிப் பேர் கூப்பிடுகிறார்கள்.
வந்த வண்டி தபால் பெட்டியை ஏன் சாய்த்தது என்று
மீதிப் பேர்.
ஓட்டுநர் கிளாரன்ஸ் கீப்பிங்
மாமியார் வீட்டு வாசலில்தான் முதலில் வாருகிறார் என்று
எழுத்து மூலம் ஒரு புகார்.
கடைசியில்தான் வாருகிறார் என்று
மாமியாரே கொடுத்த இன்னொன்று.
இரண்டும் ஒரே கோப்பில் இருக்கின்றன,
சண்டை போடாமல்.

மாதத்தின் இரண்டாம் திங்கள் கூட்டம்.
நாற்காலிகள் ஐந்து, உறுப்பினர் நால்வர்.
ஐந்தாவதற்கு யாரும் போட்டியிடவில்லை;
அதில் கோட்டுகளைப் போடுகிறோம்.
குப்பைக் கிடங்கின் தாழ்ப்பாளைக்
கரடிக்குத் தெரியாத மாதிரி மாற்ற வேண்டும்:
முன்மொழிந்தவர் மோனா பர்ட்டன்,
வழிமொழிந்தவர் ஓவன் ஸ்னூக்.
எதிர்ப்பில்லை.
படகுத்துறை விளக்கு: நிதி இல்லை.
ஆம்புலன்ஸ்: எழுபது கிலோமீட்டர் தள்ளி,
எழுபதாகவே இருக்கும்.

ஏப்ரலில் ஒரு வியாழன்.
செயின்ட் ஜான்ஸ் ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது.
புது வடிகட்டி, இரண்டு மாதிரிகள்,
இரண்டும் சுத்தம்.
உட்கார்ந்தேன்.
விரல்கள் பழைய வாக்கியத்தையே அடித்தன.
அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்:
இனிமேல் கொதிக்க வைக்க வேண்டியதில்லை.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

மதியத்துக்குள் ஒன்பது அழைப்புகள்.
"லொரெட்டா, ஒரு 'இல்லை' கூடுதலாக விழுந்துவிட்டது, பார்."
"நீதான் எழுதினாயா, யாராவது விளையாடுகிறார்களா?"
"அப்படியானால் இத்தனை வருடம் எரித்த மின்சாரத்துக்கு
யார் பணம் தருவது?"
கடைசிக் கேள்வியை நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்தேன்.
நியாயமான கேள்வி.

நெடுஞ்சாலைத் திருப்பத்தில்
பாறையிடுக்கில் ஓர் ஊற்று இருக்கிறது.
யாரோ செருகிய பிளாஸ்டிக் குழாய்,
அதன் முன்னே சனிக்கிழமைதோறும் வரிசை.
மன்றக் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தால் அதிசயம்.
இங்கே நாற்பது பேர், கையில் கேன்கள்,
யாருக்கு இடுப்பு அறுவை,
யார் வீடு விற்பனைக்கு,
பள்ளியில் அடுத்த வருடம் எத்தனை பிள்ளைகள்
(பதினான்கு; இல்லை, பதிமூன்று).
ஊர்ச் செய்தி என்று நான் ஒட்டுவதெல்லாம்
இங்கே போன வாரமே பழசாகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை தலைவர் ஹெட்லி ரைட்அவுட்
வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை
ஜாடியில் கொண்டுவந்தார்.
தேர்தலில்கூட இத்தனை பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.
குடித்தார்.
தொண்டை ஏறி இறங்கியது.
காற்று கடலிலிருந்து வந்தது, பனிக்கட்டி வாசத்தோடு.

"எப்படி இருக்கு, ஹெட்லி?"
"நீச்சல் குளம் மாதிரி."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.
இரண்டு பேர் அவர் முதுகில் தட்டினார்கள்.
பிறகு வரிசை ஓரடி நகர்ந்தது,
முதல் கேன் ஊற்றின் கீழே போனது.
ஹெட்லியும் ஜாடியைக் கவிழ்த்துவிட்டு
வரிசையின் கடைசியில் போய் நின்றார்.
என் காரின் பின்பெட்டியில் நான்கு கேன்கள்.

பழைய அறிவிப்பைக் கிழிக்கவில்லை,
மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
வடிகட்டியை நம்பலாம்; அதைப் பராமரிக்கும் நிதியை?

இன்னொன்றும் இருக்கிறது,
பொருள் நிரலில் ஏறாத ஒன்று.
அந்த ஊற்றின் தண்ணீரை
இதுவரை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பியதில்லை.
அனுப்பக் கூடாது என்று தீர்மானம் எதுவும் இல்லை.
முன்மொழிய
ஆள் இல்லை, அவ்வளவுதான்.